பேஜர் இனி உன் கையில்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தின் அரட்டை அறையில் ஹுபாட் என்றொரு எந்திர உதவியாள் இருந்தது. அதன் நிரலை 2011 அக்டோபரில் அந்நிறுவனம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. 'பக் மீ' என்று எழுதினால் அது ஒரு பக் நாயின் படத்தைக் கொண்டுவந்து போடும். 'பேஜர் மீ' என்று எழுதிப் பக்கத்தில் 60 என்று சேர்த்தால், அடுத்த 60 நிமிடங்களுக்கு எந்த சர்வர் படுத்தாலும் எழுதியவருடைய போன்தான் அலறும். நாய்ப்படம் கேட்கும் அதே தொனியில் ஒருவர் இன்னொருவரின் பாரத்தை வாங்கிக்கொள்கிறார். கொடுத்தவர் நிம்மதியாகக் குளித்துவிட்டு வரலாம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம். மேலாளரிடம் மனுப் போட வேண்டியதில்லை. இரண்டு சொல், ஓர் எண், முடிந்தது.

மென்பொருள்காரர்கள் 'ஆன்-கால்' என்று சொல்வது இதைத்தான். இணையதளமோ செயலியோ நள்ளிரவில் தடுமாறினால் முதலில் யாரை எழுப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர். முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாம் ஆள், அவரும் எடுக்காவிட்டால் மேலாளர். முறை வந்த வாரத்தில் மடிக்கணினி இல்லாமல் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உட்கார முடியாது. சிக்னல் கிடைக்காத ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அந்த வாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் கணத்தைச் சுற்றித்தான் இந்தத் தொழிலின் நையாண்டியில் பாதி முளைத்திருக்கிறது.

இத்தனைக்கும் அழைப்பு வந்தால் பீப் அடிக்கும் பேஜர் என்ற பெட்டி இன்று அவர்கள் யார் இடுப்பிலும் இல்லை. 1949-ல் ஆல் கிராஸ் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி முதலில் போய்ச் சேர்ந்தது நியூயார்க்கின் மருத்துவர்களிடம். மோட்டோரோலா 1964-ல் பேஜ்பாய் என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. நம் ஊரில் தொண்ணூறுகளின் நடுவில் வந்து, எல்லோரும் அதைப் பார்த்து முடிப்பதற்குள் செல்போன் வந்து விழுங்கிவிட்டது. ஆனால் 'பேஜரைச் சுமக்கிறேன்', 'பேஜர் உன்னிடம்', 'இன்று பேஜரை யார் வாங்கிக்கொள்கிறீர்கள்?' என்ற பேச்சு மட்டும் பெட்டியைவிட ஆயுசு கெட்டியாக நிற்கிறது. காரணம் எளிது. ஒரு காலத்தில் குழு முழுவதற்கும் ஒரே பெட்டிதான் இருந்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. கைமாறியதா இல்லையா என்று சந்தேகப்பட வழியே இல்லை.

அமேசானில் எண்ணற்ற நிரலாளர்கள் இப்படிப் பேஜர் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அங்கே நிரல் எழுதுபவர்தான் அதை ஓட்டவும் வேண்டும், எழுதிவிட்டு இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்ற கொள்கையை அதன் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகெல்ஸ் 2006-ல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சூழலின் அனுபவத்தோடு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த மூவர் 2009-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்: பேஜர்டியூட்டி. யாருடைய முறை என்று கணக்கு வைத்து, உரியவரை எழுப்புவதுதான் அதன் சரக்கு. 2019 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் 'பி.டி.' என்ற இரண்டெழுத்தோடு பட்டியலிடப்பட்டது. தூக்கத்தைக் கலைப்பதில் இவ்வளவு பணம் இருக்கிறது.

இனி கைமாற்றும் பேச்சுக்கு வருவோம். வாரத்தின் நடுநாள் ஒன்றில், மதியம் போல, குழுவின் அரட்டையில் ஒரு வரி விழும். சிலர் தொடர் ஓட்டக் கோலின் பொம்மைப் படத்தை மட்டும் போடுவார்கள். சிலர் சூடான உருளைக்கிழங்கின் படம். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைப் போல 'டேக், யூ ஆர் இட்' என்று தொட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவர் 'யூ ஹேவ் தி கான்' என்பார், விண்கலத்தின் சுக்கானையே ஒப்படைப்பது போல. கொஞ்சம் கடற்படை வாசனை பிடித்தவர் 'ஐ ஸ்டாண்ட் ரிலீவ்ட்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். அரைக்கால் சட்டையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக மாறும் ஒரே கணம் அதுதான்.

வேடிக்கைதான். ஆனால் அந்தக் கடற்படை வாசகத்தின் வடிவத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கப்பலில் காவல் மாறும்போது வருகிறவர் முதலில் தான் தயார் என்கிறார். இருக்கிறவர் கப்பலின் திசை, வேகம், அருகில் தெரியும் விளக்குகள் என்று நிலவரத்தைச் சொல்கிறார். வந்தவர் 'உங்களை விடுவிக்கிறேன்' என்ற பொருளில் சொல்ல வேண்டும். இருந்தவர் 'விடுவிக்கப்பட்டேன்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுப்பவர் கொடுத்துவிட்டேன் என்று அறிவித்துக்கொண்டு போய்விட முடியாது. வாங்குகிறவர் வாய்திறந்தால்தான் பொறுப்பு நகரும். விமானத்திலும் அப்படியே. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயிற்சி விமானிகளுக்குச் சொல்லித்தருவது மூன்று படி: கட்டுப்பாடு உங்களிடம் என்று ஒருவர், என்னிடம் என்று மற்றவர், ஆம் உங்களிடம் என்று மறுபடி முதலாமவர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுக்கானைப் பிடிப்பதும் ஆபத்து, இரண்டு பேரும் விட்டுவிடுவது அதைவிட ஆபத்து.

கூகிளின் எஸ்.ஆர்.இ. குழுக்கள், அதாவது தளம் விழாமல் பார்த்துக்கொள்வதையே பொறியியலாகச் செய்யும் குழுக்கள், தங்கள் நடைமுறைகளை 2016-ல் ஒரு தடித்த புத்தகமாக வெளியிட்டன. பெரிய கோளாறு நடந்துகொண்டிருக்கும்போது தலைமை மாறினால் புதியவரிடம் நேரடியாகச் சொல்லி, அவர் உறுதியாக ஒப்புக்கொள்ளும்வரை பழையவர் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று அதிலும் விதி இருக்கிறது. ஆக, அரட்டையில் போடும் உருளைக்கிழங்குப் படத்துக்கு எதிரில் ஒரு கட்டைவிரல் படமாவது வந்து விழ வேண்டும். அது வராவிட்டால் உருளைக்கிழங்கு நடுத்தெருவில் கிடக்கிறது என்று அர்த்தம்.

நடுத்தெருவில் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மென்பொருள் உலகத்துக்கு வெளியே ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 1988 ஜூலை 6, ஸ்காட்லாந்தை ஒட்டிய வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளம். பகல் முறையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள், வேலை முடியவில்லை, திறந்த குழாயை ஒரு மூடித் தட்டால் தற்காலிகமாக அடைத்தார்கள். இரவு முறைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இரவில் மற்ற பம்ப் நின்றுபோக, கழற்றிய வால்வு பற்றித் தெரியாமல் இந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணை அறிக்கை 1990-ல் வந்தபோது முறைமாற்றத்தில் தகவல் கைமாறாததும் வேலை அனுமதிச் சீட்டுகளைக் கையாண்ட விதமும் அதில் நீளமாகப் பேசப்பட்டன. சர்வர் விழுந்தால் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. ஆனால் தவறின் உருவம் அதுவேதான்: பாதியில் நிற்கும் வேலை, சொல்லப்படாத ஒரு வரி, பிறகு யாரோ நல்லெண்ணத்தோடு அழுத்தும் பொத்தான்.

மருத்துவமனைகள் இதை அளந்தே பார்த்துவிட்டன. ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையை 9 குழந்தைகள் மருத்துவப் பயிற்சி மையங்களில் சோதித்து, 10,740 நோயாளி அனுமதிகளை ஆராய்ந்த முடிவு 2014-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதம் குறைந்தன. நேரமும் கூடவில்லை. அந்த முறையின் கடைசி எழுத்து எதற்கு என்றால், கேட்டுக்கொண்டவர் தன் சொந்த வார்த்தையில் சுருக்கித் திருப்பிச் சொல்வதற்கு. கப்பல், விமானம், மருத்துவமனை மூன்றும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே.

பொறுப்பில் இருப்பவருக்கான பட்டப்பெயர்கள் தனிக் கூத்து. குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் திட்டத்தில் நிரல் களஞ்சியத்தைக் காவல் காப்பவர் பெயர் முன்பு 'ஷெரிஃப்'. யாராவது போட்ட மாற்றத்தால் எல்லாம் உடைந்தால் அதைத் தூக்கியெறியும் அதிகாரம் அவருக்கு. மோசில்லாவிலும் ஷெரிஃப்கள் உண்டு. குரோமியம் பிற்பாடு துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லி அவரைத் 'தோட்டக்காரர்' ஆக்கிவிட்டது. களஞ்சியத்தை 'மரம்' என்று அழைக்கிறவர்களுக்கு அதுதான் பொருத்தமும். சில குழுக்களில் அவர் பேட்மேன், அவருக்குத் துணை ராபின். சில இடங்களில் கோல்கீப்பர்: மற்ற பத்துப் பேரும் முன்னால் ஓடி விளையாட, வருகிற பந்தையெல்லாம் இவர் தடுப்பார். மைக்ரோசாஃப்டில் விளையாட்டே கிடையாது, 'டி.ஆர்.ஐ.' என்ற மூன்றெழுத்துதான். பொறுப்பான தனிநபர் என்ற பொருளில் விரியும். கேட்கவே அரசாங்கக் கோப்பு வாசனை.

இந்தப் பெயர்களில் எது ஒரு குழுவில் ஒட்டிக்கொள்கிறது என்பதை வைத்தே அந்தக் குழுவின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். கோல்கீப்பர் என்பவர்களிடம் மற்றவர்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை இருக்கும். தீயணைப்பு வீரர் என்றால் தினமும் எங்கோ எரிகிறது. சூடான உருளைக்கிழங்கு என்பதே வழக்கமான சொல்லாகிவிட்ட குழுவில், வாங்கியவர் எப்போது தள்ளிவிடலாம் என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சலூட்டும் அலர்ட்டைச் சரிசெய்யாமல் வாயடைத்துவிட்டு அடுத்த வாரத்துக்குக் கடத்துவார்.

எட்சி என்ற கைவினைப்பொருள் விற்பனைத் தளம் இந்தக் கடத்தலைத் தடுக்க ஒரு வழி கண்டது. ஆப்ஸ்வீக்லி என்ற கருவியை எழுதி, அதையும் எல்லோருக்கும் திறந்துவைத்தது. வாரம் முடியும்போது பொறுப்பில் இருந்தவர் தனக்கு வந்த ஒவ்வோர் அலர்ட்டையும் வகைபிரிக்க வேண்டும்: எழுப்பியதற்குப் பலனாக ஏதாவது செய்தாயா, அல்லது சும்மா எழுப்பியதா? அதோடு, கையில் கட்டியிருக்கும் ஃபிட்பிட் போன்ற பட்டையிலிருந்து தூக்கக் கணக்கையும் எடுத்துக்கொள்ளும். எத்தனை முறை எழுப்பப்பட்டார், திரும்பத் தூங்கினாரா என்பதெல்லாம் அடுத்தவருக்கும் மேலாளருக்கும் வரைபடமாகத் தெரியும். 'இந்த வாரம் கொஞ்சம் சிரமம்' என்று முனகுவதற்குப் பதில் இழந்த தூக்கத்தையே கணக்காக வைத்துவிடலாம். இதே எட்சியில்தான் அந்தந்த ஆண்டின் மிக ஆச்சரியமான கோளாறை உண்டாக்கியவருக்கு மூன்று கை வைத்த ஸ்வெட்டரைப் பரிசளிக்கும் வழக்கமும் இருந்தது. கேலி இருக்கிறது, தண்டனை இல்லை.

அலர்ட் வகைகளுக்கும் செல்லப்பெயர்கள் உண்டு. வருவதும் போவதுமாக இமைகொட்டும் அலர்ட் 'ஃபிளாப்பிங்'. ஒன்று விழுந்து நூறு எழுப்பினால் 'பேஜர் புயல்'. இந்த ஃபிளாப்பிங்கைக் கண்டுபிடிக்கவே நாகியோஸ் என்ற பழைய கண்காணிப்பு மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. 1999-ல் நெட்செயின்ட் என்ற பெயரில் பிறந்த மென்பொருள் அது. புனிதர் என்ற அந்தப் பெயர் சிக்கலாகிப்போக, இனிமேல் புனிதத்தை வற்புறுத்தப்போவதில்லை என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து நாகியோஸ் ஆனது. கிண்டல் இந்தத் தொழிலின் ரத்தத்தில் இருக்கிறது.

ஆனால் கைமாற்றும் பேச்சில் மிகக் காத்திரமானது கூகிளுடையது: 'பேஜரைத் திருப்பிக் கொடுப்பது'. இது ஆளுக்கு ஆள் நடப்பதல்ல, குழுவுக்குக் குழு நடப்பது. அங்கே ஒரு சேவை முதிர்ந்து நிலைபெற்ற பிறகே எஸ்.ஆர்.இ. குழு அதன் பேஜரை வாங்கிக்கொள்ளும். பிறகு நிரலாளர்கள் அவசர அவசரமாக மாற்றங்களைத் தள்ளி, சேவை அடிக்கடி விழ ஆரம்பித்தால், எஸ்.ஆர்.இ. குழு 'இந்தாருங்கள், உங்கள் பேஜர்' என்று திருப்பி நீட்டலாம். அன்றிரவு முதல் நிரல் எழுதியவர்களே எழுந்திருக்க வேண்டும். மிரட்டல் மாதிரித் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 12 மணி நேர முறையில் இரண்டு கோளாறுகளுக்கு மேல் ஒருவர் கையாளக் கூடாது என்பது அவர்கள் வகுத்த வரம்பு; ஒரு கோளாறைச் சரிசெய்து, ஆராய்ந்து, எழுதி முடிக்கச் சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும் என்பதால் வந்த எண் அது. ஒருவரின் வேலை நேரத்தில் ஆன்-கால் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரே ஊரில் இருக்கும் குழு என்றால் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். மூன்று பேரை வைத்துக்கொண்டு ரோட்டேஷன் ஓட்டும் நிறுவனங்களில் பேஜரைத் திருப்பிக் கொடுக்க ஆளே இருக்காது; கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே.

புதியவரிடம் முதல்முறை ஒப்படைக்கும்போது நடக்கும் சடங்குக்கும் பெயர் உண்டு. முதலில் பழையவரின் நிழலாக உட்கார்ந்து பார்ப்பது. பிறகு புதியவர் ஓட்ட, பழையவர் நிழலாவது. அதற்கும் முன்னால் ஒரு விளையாட்டு: பழைய கோளாறு ஒன்றை ஒருவர் கதையாகச் சொல்ல, புதியவர் 'இப்போது இதைப் பார்ப்பேன், அதைத் தட்டுவேன்' என்று வாயாலேயே சமாளிக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' நிகழ்ச்சியைத் தலைகீழாக்கி அதற்கு 'வீல் ஆஃப் மிஸ்ஃபார்ச்சூன்', துரதிர்ஷ்டச் சக்கரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அறிவியல் பேசுகிறவர்களிடம் மூடநம்பிக்கைக்கும் குறைவில்லை. ஒப்படைக்கும்போது 'இந்த வாரம் அமைதி' என்று வாயெடுத்துச் சொல்லக் கூடாது; சொன்னால் அன்றிரவே எல்லாம் விழும். மருத்துவர்களிடமும் இருக்கும் பழக்கம் இது. அவர்களிடம் 'கருமேகம்', 'வெண்மேகம்' என்று ஆட்களையே பிரித்துப் பேசும் வழக்கமும் உண்டு. கருமேகக்காரர் முறைக்கு வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பிவிடுமாம். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறையினர் 61 நாள்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சில நாள் 'இன்று அமைதியான நாள்' என்று வேண்டுமென்றே சொல்லியும் சில நாள் சொல்லாமலும் வேலைப்பளுவை எண்ணிப் பார்த்து, 2019-ல் பி.எம்.ஜே. இதழில் வெளியிட்டார்கள். சொன்னதால் வேலை கூடிவிடவில்லை. அதற்காக எந்த ஆன்-கால் குழுவிலும் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டாம், அடிதான் விழும். வெள்ளிக்கிழமை புதிய நிரல் ஏற்றக் கூடாது என்பதை மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை எழுப்பப்படுபவரின் அனுபவ அறிவு அது. எது விழுந்தாலும் குற்றவாளி, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்புதான் என்னும் 'எப்போதும் டி.என்.எஸ்.தான்' என்ற பழைய கிண்டலும் சும்மா வந்ததில்லை: 2025 அக்டோபரில் அமேசானின் மேகக் கணினிச் சேவை வர்ஜீனியாவில் விழுந்து பாதி இணையம் தள்ளாடியபோதும் மூலகாரணம் ஒரு தரவுதளச் சேவையின் டி.என்.எஸ். பதிவு காலியாகிப்போனதுதான்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இந்த அகராதி வேறு வாசனையோடு புழங்குகிறது. ஷெரிஃப்பும் பேட்மேனும் இங்கே குறைவு. 'பி1 வந்துடுச்சு' என்றால் முதல்தரக் கோளாறு, 'பிரிட்ஜுல இருக்கேன்' என்றால் இரவு மூன்று மணிக்கு இருபது பேர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டழைப்பில் மாட்டியிருக்கிறார் என்று பொருள், 'கேடி குடுத்தாச்சா?' என்றால் போகிறவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வருகிறவருக்குக் கற்றுக்கொடுத்தாரா என்ற கேள்வி. பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார். மணி ஏழு ஆகிவிட்டது, கம்பெனி கேப் கிளம்பப்போகிறது, எக்செல் கோப்பில் நான்கு வரி, 'மச்சான் பாத்துக்கோ'. இந்த 'பாத்துக்கோ'வில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று சொல்கிறவர் நினைக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவருக்குத் தெரிவதில்லை. நட்பு நிறைந்த சொல்தான். கப்பல்காரர்களின் விறைப்பில் பத்தில் ஒரு பங்கு அதோடு சேர்ந்தால் போதும்.

சென்னையின் பங்கு பெரும்பாலும் 'ஃபாலோ தி சன்' என்ற ஏற்பாட்டில் வருகிறது. சூரியன் எங்கே இருக்கிறதோ பேஜரும் அங்கே. யாரும் இரவில் விழிக்க வேண்டாம். கோடையில் சென்னையில் இரவு 9.30 என்றால் சான் பிரான்சிஸ்கோவில் காலை 9. இங்கிருந்து அங்கே கைமாற்றிவிட்டுப் படுக்கலாம். ஏட்டில் அழகான ஏற்பாடு. ஆனால் அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால் வைக்கிறார்கள். இந்தியக் கடிகாரம் நகர்வதில்லை. பன்னிரண்டரை மணி நேர இடைவெளி நவம்பரில் பதின்மூன்றரை ஆகிறது. அட்டவணையில் ஒரு குழு சென்னை நேரப்படியும் மறு குழு கலிபோர்னியா நேரப்படியும் எழுதிவைத்திருந்தால், நவம்பரில் தினமும் ஒரு மணி நேரம் பேஜர் யார் கையிலும் இருக்காது; அதை அப்போது சரிசெய்து அப்படியே விட்டால், மார்ச்சில் இரண்டு பேருடைய போனும் சேர்ந்து அலறும். உங்கள் குழு கடல் கடந்து கைமாற்றுகிற குழுவாக இருந்தால், அந்த இரண்டு ஞாயிறுகளுக்கு முந்தைய வியாழனன்றே அட்டவணையைத் திறந்து இரண்டு ஊர் நேரத்தையும் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிடுங்கள்.